வாசகர் கேள்வி–பதில்: மேலே ஐந்து கோடு, கீழே ஐந்து கோடு

பியானோ, கீபோர்டு, ஆர்மோனியம் வாசிப்பவர்களும் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோரும் ட்ரெபிள், பாஸ் கிளெஃப்கள் (இசைக்குறிப்பில் வழக்கமாக மேல், கீழ் ஐந்து கோடுகளின் தொடக்கத்தில் வரும் குறிகள்) பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

என் மகள் தொடக்கநிலை 3-இல் படிக்கிறாள். பியானோ கற்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. மேல் கோடுகளைத் தடுமாறாமல் படிக்கிறாள். இடக்கைப் பகுதி வந்ததும் ஜி வர வேண்டிய இடத்தில் ஈ, டி வர வேண்டிய இடத்தில் பி என்று அழுத்துகிறாள். எனக்கு மேற்கத்திய இசைக்குறிப்பு தெரியாது. வீட்டில் எப்படி உதவலாம்?
– ஒரு தாயார், செங்காங்

உங்கள் மகள் கண்டபடி தப்பு செய்யவில்லை. அவள் தப்பில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கீழ் ஐந்து கோடுகளையும் மேல் ஐந்து கோடுகள் போலவே படிக்கிறாள், அவ்வளவுதான். ட்ரெபிளில் அடிக்கோடு ஈ, பாஸில் அடிக்கோடு ஜி. ட்ரெபிளில் நடுக்கோடு பி, பாஸில் நடுக்கோடு டி. எந்த இடத்தை எடுத்தாலும் பாஸில் பெயர் இரண்டு எழுத்து முன்னே போயிருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவுடன் ‘ட்ரெபிள் போலப் படி, இரண்டு எழுத்தைக் கூட்டிக்கொள்’ என்று குறுக்குவழி சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. வேண்டாம். ஒவ்வொரு நோட்டுக்கும் பிள்ளை இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கும். தாளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்கு நேரம் கிடைக்காது. தவிர, பெயர் சரியாக வந்தாலும் எந்த ஆக்டேவ் (ஸ்தாயி) என்பது தெரியாது. எழுத்து ஜி-தான், ஆனால் கை போய் விழுவது வேறு ஜி-யில்.

கிளெஃப் சொல்வது ஒரே ஒரு சேதி: ‘இந்தக் கோடு இந்தக் கட்டை.’ ட்ரெபிள் கிளெஃபின் சுருள், கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நிற்கிறது. அந்தக் கோடு மிடில் சி-க்கு (கட்டைகளின் நடுவே உள்ள சி) மேலே உள்ள ஜி. பாஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளும் கீழிருந்து நான்காவது கோட்டுக்கு மேலும் கீழும் நிற்கின்றன. அந்தக் கோடு மிடில் சி-க்குக் கீழே உள்ள எஃப். மற்றதெல்லாம் அங்கிருந்து கோடு, இடைவெளி, கோடு, இடைவெளி என்று ஒவ்வொரு வெள்ளைக் கட்டையாக எண்ணுவதுதான்.

குழப்பத்தின் வேர் அச்சில் இருக்கிறது. புத்தகத்தில் இரண்டு ஐங்கோடுகளுக்கும் நடுவே அகலமான வெற்றிடம் தெரியும். விரல் எண், மெதுவாக–பலமாக என்ற குறிகள், சில சமயம் பாட்டு வரிகள், எல்லாம் அச்சிட இடம் வேண்டும் என்பதற்காக விட்டது அது. இசைக் கணக்கில் அங்கே இருப்பது ஒரே ஒரு கோட்டுக்கான இடம். ட்ரெபிள் அடிக்கோடு ஈ. அதன்கீழ் தொங்குவது டி. அதற்கும் கீழே சிறுகோட்டில் சி. பாஸ் மேல்கோடு ஏ. அதன்மேல் உட்கார்ந்திருப்பது பி. அதற்கும் மேலே சிறுகோட்டில் அதே சி. மொத்தம் பதினொரு படி உள்ள ஏணியில் ஆறாவது படியை மட்டும் எடுத்துவிட்டு, தேவைப்படும்போது துண்டாக வரைகிறார்கள். வாயால் எத்தனை முறை சொன்னாலும் குழந்தைக்கு இது ஏறாது. கண்ணால் பார்க்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி. இரண்டு ஏ4 தாள்களை அகலவாக்கில், நீளமாக வரும்படி ஒட்டுங்கள். ஒரு சி கட்டையின் இடது ஓரத்திலிருந்து அடுத்த சி-யின் இடது ஓரம் வரை அளந்தால் வழக்கமான பியானோவில் சுமார் 16.5 செ.மீ. வரும். ஏழு வெள்ளைக் கட்டை என்பதால் ஒன்றுக்கு ஏறக்குறைய 2.35 செ.மீ. கோட்டுக்குக் கோடு இரண்டு கட்டை, ஆகவே 4.7 செ.மீ. இடைவெளி விட்டுப் பதினொரு செங்குத்துக் கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் இடையே 47 செ.மீ. வரும். நடுவில் உள்ள ஆறாவது கோட்டைச் சிவப்பில் விட்டு விட்டுப் போடுங்கள். தாளைக் கட்டைகளுக்குப் பின்னால் நிறுத்தி, சிவப்புக் கோட்டை மிடில் சி-யின் நடுவுக்கு நேராக வையுங்கள். ஒவ்வொரு கோடும் அதற்குரிய கட்டைக்குப் பின்னால் போய் நிற்கும். இடப்பக்கம் ஐந்தும் பாஸ், வலப்பக்கம் ஐந்தும் ட்ரெபிள். பிறகு தாளை எடுத்து, வலப்பக்கம் மேலே வரும்படி திருப்பிக் காட்டுங்கள். புத்தகத்தில் இருக்கும் அதே படம்! சிறு பிள்ளைகளுக்கான குட்டிக் கீபோர்டு என்றால் கட்டை ஒடுக்கமாக இருக்கும். உங்கள் அளவை எடுத்து ஏழால் வகுத்து, இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அதே தாளைச் சிவப்புக் கோட்டில் மடித்தால் இன்னொன்றும் தெரியும். ட்ரெபிளின் ஜி-யும் பாஸின் எஃப்-பும் ஒன்றன்மேல் ஒன்று விழும். மிடில் சி-யையும் சேர்த்து எண்ணினால் மேலே ஐந்தாவது ஜி, கீழே ஐந்தாவது எஃப். ட்ரெபிளில் கீழிருந்து மூன்றாவது இடைவெளி சி. பாஸில் மேலிருந்து மூன்றாவது இடைவெளி சி. ட்ரெபிளுக்கு மேலே இரண்டாவது சிறுகோடு சி. பாஸுக்குக் கீழே இரண்டாவது சிறுகோடும் சி. இந்த ஐந்து சி-க்களும் ஒரு எஃப்-பும் ஒரு ஜி-யும் மனத்தில் பதிந்துவிட்டால், எந்த நோட்டும் மூன்று படிக்கு மேல் தள்ளி இருக்காது.

பயிற்சி தினமும் ஐந்து நிமிடம் போதும். முதல் வாரம் பாஸ் எஃப் மட்டும். பாடப் புத்தகத்தின் இடக்கை வரியில் ஏதாவது ஒரு நோட்டைத் தொட்டு, “எஃப்-இலிருந்து மேலேயா கீழேயா, எத்தனை படி?” என்று கேளுங்கள். அவள் பெயர் சொல்ல வேண்டியதில்லை, கட்டையை அழுத்தினால் போதும். உங்களுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தாள் பின்னால் இருக்கிறதே. இரண்டாம் வாரம் பாஸ் இடைவெளி சி-யைச் சேருங்கள். அந்த இரண்டு வாரமும் புதுப் பாடத்தை இடக்கையிலேயே தொடங்கட்டும். வலக்கையை முதலில் பழகினால் கண் ட்ரெபிளிலேயே ஊறிவிடும்.

நோட்டுக்கு அடியில் பென்சிலால் எழுத்து எழுதிக் கொடுக்காதீர்கள். கண் எழுத்தைப் படிக்கும், கோட்டைப் பார்க்காது. புத்தகம் முடிந்தாலும் கோடு புதிதாகவே இருக்கும். எல்லாக் கட்டையிலும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் இதே கதைதான். எஃப், ஜி இரண்டில் மட்டும் சிறு பொட்டு வைத்து, இரண்டு வாரத்தில் எடுத்துவிடுங்கள்.

கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசிக்கிறேன். கட்டைக் கணக்கு நன்றாகத் தெரியும். மகனின் கீபோர்டு புத்தகத்தைப் பார்த்தால் ‘ஸ’ எங்கே என்றே பிடிபடவில்லை. இரண்டையும் எப்படி இணைப்பது?
– ஈசூன் வாசகர்

புத்தகத்தில் ‘ஸ’ கிடையாது, அதனால்தான் பிடிபடவில்லை. ஐங்கோடு கட்டைகளின் வரைபடம். ஸ்வரங்களின் வரைபடம் அல்ல. ‘ஸ’ பாடகருக்கு ஏற்ப நகரும், கோடு நகராது.

உங்களுக்குத் தெரிந்த கணக்கிலேயே சொல்லலாம். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை ஆகியவை கறுப்புக் கட்டைகள். ஈ-க்கும் எஃப்-புக்கும் நடுவே கறுப்பு இல்லை, ஆகவே மூன்றரைக் கட்டை என்று யாரும் சொல்வதில்லை. இப்போது கிளெஃப்களைப் பாருங்கள்: ட்ரெபிளின் சுருள் காட்டுவது ஐந்து கட்டைக் கோடு, பாஸின் புள்ளிகள் காட்டுவது நாலு கட்டைக் கோடு, நடுவில் உள்ள சிறுகோடு ஒரு கட்டை. ஆர்மோனியக்காரருக்கு இதைவிட எளிதான நுழைவாயில் கிடையாது.

மாயாமாளவகௌளை ஸரளிவரிசையை ஒரு கட்டை சுருதியில் எழுதிப் பார்ப்போம். சி, டி ஃபிளாட், ஈ, எஃப், ஜி, ஏ ஃபிளாட், பி, மேல் சி. ட்ரெபிளில் ‘ஸ’ கீழ்ச் சிறுகோட்டில் தொடங்கும். ‘ரி’ அடிக்கோட்டுக்குக் கீழே ஃபிளாட் குறியோடு தொங்கும். ‘க’ அடிக்கோடு, ‘ம’ முதல் இடைவெளி, ‘ப’ சுருள் சுற்றும் இரண்டாம் கோடு, ‘த’ இரண்டாம் இடைவெளி, அதற்கும் ஃபிளாட். ‘நி’ நடுக்கோடு, மேல் ‘ஸ’ மூன்றாம் இடைவெளி. இதையே ஒரு ஸ்தாயி கீழே பாஸில் எழுதினால் ‘ஸ’ கீழிருந்து இரண்டாம் இடைவெளியில் தொடங்கி, ‘ம’ புள்ளிக் கோட்டில் வந்து, மேல் ‘ஸ’ மிடில் சி-யில் முடியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேற்கத்திய முறையில் வரித் தொடக்கத்தில் போடும் வழக்கமான ஷார்ப் (அரைப்படி மேலே), ஃபிளாட் (அரைப்படி கீழே) தொகுப்பு எதுவும் இந்த ராகத்துக்குப் பொருந்தாது. ஃபிளாட் குறிகள் பி, ஈ, ஏ, டி என்ற வரிசையிலேயே சேரும். டி-யையும் ஏ-யையும் மட்டும் தனியே எடுக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு நோட்டுக்கும் பக்கத்திலேயே குறி போட வேண்டும். அப்படிப் போட்ட குறி அந்த பார் கோடு (தாளப் பகுதிகளைப் பிரிக்கும் செங்குத்துக் கோடு) வரைக்கும்தான் செல்லும். அடுத்த பாரில் மீண்டும் எழுதாவிட்டால் சுத்த ரிஷபம் (டி ஃபிளாட்) சதுஸ்ருதி ரிஷபமாகிவிடும் (வெறும் டி). மகன் எழுதித் தந்ததை வாசிக்கும்போது ராகம் பாதியில் மாறினால் முதலில் இதைப் பாருங்கள். வரித் தொடக்கத்தில் போட்ட குறி அப்படியல்ல. நாலு கட்டையில் சங்கராபரணம் என்றால் பி-க்கு ஃபிளாட் வேண்டும். அது ட்ரெபிளில் நடுக்கோட்டிலும் பாஸில் இரண்டாம் கோட்டிலும் ஒருமுறை போட்டால், எல்லா ஸ்தாயி பி-க்கும் எல்லா பாருக்கும் செல்லும். கமகத்தைக் கோட்டில் தேடாதீர்கள். இந்த முறையில் எலும்புக்கூடு மட்டும்தான் கிடைக்கும்.

உங்கள் குரலுக்கும் புத்தகத்துக்கும் ஒரு ஸ்தாயி இடிக்கலாம். ஒரு கட்டையில் பாடும் ஆணின் மத்திய ‘ஸ’ மிடில் சி அல்ல, அதற்கு அடுத்த கீழ் சி, அதாவது பாஸின் இடைவெளி சி. ஆனால் பாட்டுப் புத்தகங்களில் ஆண்குரலையும் ட்ரெபிளிலேயே எழுதுவது வழக்கம். சில பதிப்புகளில் சுருளுக்கு அடியில் சின்னதாக 8 போட்டிருக்கும். ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும் என்று பொருள். மகன் வாசிப்பது உங்கள் குரலைவிட மேலே கேட்டால் இருவர் மேலும் தப்பில்லை.

கடைசியாக, டிரான்ஸ்போஸ் பொத்தான். ‘ஸ’-வை எப்போதும் சி-யில் வைத்துக்கொண்டு சுருதியைப் பொத்தானால் மாற்றும் பழக்கம் பஜனைக்கு வசதி. ஆனால் கோடு பார்த்துப் படிக்கிறவனுக்கு அது நஞ்சு. அவன் ஒரு கட்டைக் கோட்டைப் பார்த்து ஒரு கட்டையை அழுத்துகிறான், காதில் விழுவது ஐந்து கட்டை. நீங்கள் வாசித்து முடித்ததும் எண்ணை 0-க்குத் திருப்பிவிட்டு எழுந்திருங்கள்.

சமூக மன்றத்தில் பெரியவர்களுக்கான பியானோ வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். புதுப் பாட்டில் மேலும் கீழும் இரண்டுமே ட்ரெபிள் கிளெஃப். வேறொரு பாட்டில் வரியின் நடுவே சின்ன பாஸ் கிளெஃப் வருகிறது. அச்சுப் பிழையா?
– தெம்பனிஸ் வாசகி

பிழையில்லை. ‘ட்ரெபிள் என்றால் வலக்கை, பாஸ் என்றால் இடக்கை’ என்று தொடக்கத்தில் சொல்லிக் கொடுப்பதன் விளைவு இது. கையைச் சொல்வது மேல் வரி, கீழ் வரி. கிளெஃப் உயரத்தைச் சொல்கிறது. இடக்கை மிடில் சி-க்கு மேலேயே உலாவினால் கீழ் வரியிலும் ட்ரெபிள் போடுவார்கள், சிறுகோடுகள் மாடி மாடியாக ஏறாமல் இருக்க. ட்ரெபிளின் அடிக்கோட்டு ஈ-யை பாஸில் எழுதினால் மேலே இரண்டு சிறுகோடு வேண்டும். அதற்கு மேல் போனால் கண் எண்ணத் தொடங்கிவிடும்.

நடுவில் வரும் சின்ன கிளெஃப், மாற்றம் தொடங்குவதற்குச் சற்று முன்னால் அச்சாகும், பெரும்பாலும் பார் கோட்டுக்கு முன். வரி முடிவில் தனியாக நின்றால் அடுத்த வரிக்கான முன்னறிவிப்பு. மாறிய கிளெஃப், வேறொன்று வரும்வரை செல்லும். மாறும்போது கவனிப்பவர்கள்கூட திரும்பும்போது கோட்டை விடுவார்கள். திரும்பும் இடத்தை வண்ணப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். ஒரு வரியில் நோட்டுக்குப் பக்கத்தில் போட்ட ஷார்ப் மற்ற வரிக்குச் செல்லாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். வலக்கை எஃப் ஷார்ப் வாசிக்கும்போது அதே பாரில் இடக்கை வெறும் எஃப் வாசிக்கலாம். காதுக்கு உறுத்தினாலும் எழுதியது அதுதான்.

எங்களிடம் 61 கட்டை கீபோர்டு. இடக்கையில் பாஸ் எஃப்-ஐ அழுத்தினால் ஒரு நோட்டுக்குப் பதில் கூட்டமாக ஒலிக்கிறது. மிடில் சி-க்கு மேலுள்ள கட்டைகள் சரியாக இருக்கின்றன. கருவி பழுதா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

தானியங்கிப் பக்கவாத்தியம் ஓடிக்கொண்டிருக்கிறது. அது இயங்கும்போது கட்டைகள் இரண்டாகப் பிரிந்து, இடப்பகுதி கார்டுகளுக்கு (பல நோட்டுகள் சேர்ந்து ஒலிப்பவை) என்று ஒதுக்கப்படும். பல யமஹா கீபோர்டுகளில் அந்தப் பிரிவு எண் 54, அதாவது பாஸ் எஃப்-ஐ ஒட்டிய கறுப்புக் கட்டை. பாஸ் வரியில் உள்ள நோட்டுகளில் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் மாட்டிக்கொள்ளும். திரையில் ஏசிஎம்பி (ACMP) அல்லது அக்கம்ப் (ACCOMP) என்று தெரிந்தால் அணையுங்கள். பியானோ என்று தனிப் பொத்தான் இருந்தால் அதை அழுத்தினாலே போதும்.

61 கட்டையில் ஒரு வசதி உண்டு. இடக்கோடிக் கட்டைதான் பாஸுக்குக் கீழே இரண்டாம் சிறுகோட்டு சி. மிடில் சி இடமிருந்து 25-ஆவது கட்டை. 88 கட்டைப் பியானோவில் அது 40-ஆவது. ஆக்டேவ் பொத்தான் நகர்ந்திருந்தால் இந்தக் கணக்கு ஒலியில் தப்பாகும், அதையும் பாருங்கள்.

புத்தகத்தில் மிடில் சி-யை சி4 என்கிறார்கள். கீபோர்டு திரையில் சி3 என்று வருகிறது. எது சரி?
– புக்கிட் பாத்தோக் மாணவர்

இரண்டும். யமஹா அதை சி3 என்று எண்ணுகிறது. புத்தகங்கள் பெரும்பாலும் சி4 என்கின்றன. மிடி (மின்னிசைக் கருவிகளுக்கான பொது முறை) எண்ணில் அது 60. சந்தேகம் வந்தால் மிடி எண்ணைப் பாருங்கள், அது மாறாது.

மகன் ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பு) கிரேட் 1 பியானோ தேர்வு எழுதப்போகிறான். பார்த்தவுடன் வாசிக்கும் பகுதியில் பாஸ் வரியில் தவறவிடுகிறான். அரை நிமிடத்தில் என்ன செய்ய முடியும்?
– பொங்கோல் பெற்றோர்

நிறைய. அந்தப் பகுதிக்கு மொத்த மதிப்பெண் 150-இல் 21, தேர்ச்சிக்கு 14. பார்த்துப் பழகத் தரும் அரை நிமிடத்தில் வாசித்தும் பார்க்கலாம். பல பிள்ளைகள் சும்மா உற்றுப் பார்த்துக்கொண்டே அதைக் கழித்துவிடுகிறார்கள். கிரேட் 1-இல் இரண்டு கையும் ஒன்றாக வராது, ஐந்து விரல் இடத்திலேயே கை இருக்கும். ஆகவே ஒவ்வொரு கையும் தொடங்கும் முதல் நோட்டு சரியாக விழுந்துவிட்டால் மீதி நோட்டுகளில் பெரும்பாலானவை விரல் கணக்கில் வந்துவிடும். வரித் தொடக்கத்தில் உள்ள ஷார்ப், ஃபிளாட், தாளம் ஆகியவற்றைப் பார்க்க ஐந்து விநாடி. வலக்கையின் முதல் நோட்டைக் கண்டுபிடித்துக் கையை வைக்க ஐந்து விநாடி. இடக்கைக்குப் பத்து விநாடி கொடுக்கட்டும்: புள்ளிக் கோட்டைப் பார்த்து, எஃப்-இலிருந்து எண்ணி, விரலைக் கட்டைமேல் வைத்து, எடுக்காமல் இருக்க வேண்டும். மிச்ச நேரத்தில், கை மாறும் இடத்தில் இரண்டு பாரை மட்டும் வாசித்துப் பார்க்கட்டும். வாசிக்கும்போது தப்பு வந்தால் திரும்பிப் போகக் கூடாது. ஒரு தப்பு நோட்டால் போவதைவிட, நின்று திருத்துவதால் தாளம் உடைந்து போகும் மதிப்பெண் அதிகம்.

வீட்டில் பழக, தினமும் பார்த்திராத நாலு பார் வேண்டும். ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தால் அது மனப்பாடம். நூலகத்தில் இசைக்குறிப்பு நூல்களை இரவல் எடுக்கலாம். அவன் நிலைக்கு ஒரு படி கீழே உள்ளவற்றை எடுங்கள்.

இந்தச் சுருளும் காதுமடல் போன்ற வடிவமும் எங்கிருந்து வந்தன? கையால் வரைய எங்கே தொடங்குவது?
– சிராங்கூன் வாசகி

இரண்டும் எழுத்துகள்தாம். கோட்டின் தலைப்பில் ஜி என்றும் எஃப் என்றும் எழுதி வைத்தார்கள். படியெடுத்தவர்கள் கையில் அவை நூற்றாண்டுகளாக வளைந்து இப்படி ஆயின. எஃப்-இன் இரண்டு கிடைக்கோடுகளே இன்று இரண்டு புள்ளிகள். 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் குய்டோ என்ற துறவி, எஃப் கோட்டைச் சிவப்பிலும் சி கோட்டை மஞ்சளிலும் போடும் முறையைப் பரப்பினார். சி-க்கும் ஒரு கிளெஃப் உண்டு, வயோலாக்காரர்கள் இன்றும் அதில்தான் படிக்கிறார்கள். கீபோர்டுக்கு அது தேவைப்படாது.

ட்ரெபிளை இரண்டாம் கோட்டில் தொடங்கிச் சுருளை வெளியே கொண்டுவாருங்கள். மேலே ஐந்தாம் கோட்டைத் தாண்டி வளைந்து, நேராக இறங்கி அடிக்கோட்டுக்குக் கீழே கொக்கி போட்டு முடியுங்கள். பாஸை நாலாம் கோட்டில் தடித்த புள்ளியாகத் தொடங்கி, மேல்கோட்டைத் தொட்டு வளைத்துக் கீழே கொண்டுவந்து விடுங்கள். பிறகு அந்த நாலாம் கோட்டுக்கு மேலும் கீழும் புள்ளி. புள்ளிகளை மூன்றாம் கோட்டைச் சுற்றி வைத்தால் எல்லா நோட்டும் இரண்டு எழுத்து தள்ளிப் போய்விடும்.